ஏஐ மாடல்களை விளையாட்டு எழுதச் சொல்லி ஒப்பிட்டதில் பட்ட பாடு

ஒரே ப்ராம்ப்டை, அதாவது ஒரே எழுத்து வேண்டுகோளை, நான்கு ஏஐ மாடல்களுக்குக் கொடுத்து, அவை எழுதித் தரும் விளையாட்டுகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளை வரிசையாக அடுக்கி, இதுதான் சிறந்தது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் மீது எனக்கு இப்போது கோபமே வருகிறது. அதே வேலையை நான் கடைசிவரை செய்து பார்த்ததில், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்திருந்தால் முதலிடம் பிடித்திருக்கக்கூடிய மாடல் மூன்றாவது இடத்தில் போய் நின்றது. விளையாட்டு எழுதச் சொல்லிச் சோதிப்பது நல்ல முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏஐ மாடல்களின் நிரல் எழுதும் திறனை அளக்க 2021இல் வெளிவந்த ஹியூமன்எவல் தேர்வில் இருப்பவை 164 சிறிய பைத்தான் கணக்குகள். ஒவ்வொன்றும் தனித்தனியானது, சோதனை வரிகளை ஓட்டினால் விடை சரியா தவறா என்பது அங்கேயே தெரிந்துவிடும். விளையாட்டில் விதி, நேரக் கணக்கு, விசைப்பலகை, வரைதல், ஒலி ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டியிருப்பதால், எங்காவது பிசகியிருந்தால் ஆடுகிறவர் கைக்கு அது தெரிந்துவிடுகிறது. பாடு முழுவதும், அந்த ஒப்பீட்டை நியாயமாக நடத்துவதில்தான் இருக்கிறது.

பாம்பு, டெட்ரிஸ், ஒரே எண் கொண்ட கட்டங்களைத் தள்ளி இணைக்கும் 2048, பெட்டிகளை இலக்குகளுக்குத் தள்ளும் சோகோபான் ஆகிய நான்கையும் தேர்ந்தெடுத்தேன். ஒரே எச்டிஎம்எல் கோப்பு, வெளி நூலகம் எதுவும் கூடாது, ஒவ்வொரு முறையும் புதிய உரையாடல், ப்ராம்ப்டில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது என்பவை விதிகள். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

முதல் அடி சாட் பக்கத்தில் விழுந்தது. ஒரு சேவையில், பாதி விளையாட்டுகள் முடிந்த நிலையில், வந்துகொண்டிருந்த நிரலின் தரம் திடீரென்று சரிந்தது. டெட்ரிஸைப் பிழையின்றி எழுதிய மாடல், 2048இல் கட்டங்களைக்கூட ஒழுங்காக அடுக்கவில்லை. விடையின் அடியில் சாம்பல் நிறத்தில், கண்ணில் படாத அளவுக்குச் சிறிய எழுத்தில், பயன்பாட்டு வரம்பு முடிந்துவிட்டதால் வேறொரு சிறிய மாடல் பதிலளித்ததாக ஒரு வரி இருந்தது. எந்தெந்த விடைகளை எந்த மாடல் தந்தது என்று உதவிக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு மீண்டும் முயலுமாறு பதில் வந்தது. கேள்வியை இன்னும் தெளிவாக எழுதி அனுப்பினேன். அதே பதில், வேறொரு பெயரின் கையொப்பத்துடன் வந்தது. அந்த மாடலின் விடைகள் அனைத்தையும் குப்பையில் போட்டுவிட்டு, ஏபிஐ வழியாக, அதாவது சாட் பக்கம் இல்லாமல் நம் நிரலிலிருந்தே மாடலை நேரடியாக அழைக்கும் வழியில், முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒப்பிடுவது என்று முடிவுசெய்தால் சாட் பக்கத்தின் பக்கமே போக வேண்டாம். அங்கே நமக்குத் தெரியாத அறிவுறுத்தல்கள் ப்ராம்ப்டுக்கு முன்னால் சேர்க்கப்பட்டிருக்கும். எந்த மாடல் பேசுகிறது என்பதற்கும் உறுதி கிடையாது. ஏபிஐயில் பதிலோடு மாடலின் பெயரும் வருகிறது. அதை ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தொல்லை முன்னோட்டச் சாளரம். எழுதிய நிரலை அங்கேயே ஓட்டிக் காட்டும் வசதி பல சேவைகளில் இருக்கிறது. அதை நம்பியிருந்தால் ஒரு நல்ல மாடலை அநியாயமாகத் தோற்கடித்திருப்பேன். அது எழுதிய பாம்பு விளையாட்டு முன்னோட்டத்தில் வெறும் வெள்ளைத் திரையாக நின்றது. உலாவி பிழைச் செய்திகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து பார்த்தால், அதிகபட்சப் புள்ளியைச் சேமிக்க உலாவியின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜை அணுகிய வரியில் பாதுகாப்புப் பிழை. முன்னோட்டம் ஓடுவது பூட்டப்பட்ட ஒரு சட்டகத்துக்குள். அங்கே சேமிப்பிடத்துக்கு அனுமதி இல்லாதபோது, அதைத் தொட்ட உடனே நிரல் முறிந்து விழுகிறது. கோப்பை இறக்கி உலாவியில் நேரடியாகத் திறந்ததும் விளையாட்டு அழகாக ஓடியது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. நிரலை மாட்யூல்களாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளில் தரும் மாடலின் விளையாட்டு, கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் ஓடாது, ஏனென்றால் கணினியிலிருந்து நேரடியாகத் திறக்கும் பக்கத்தில் மாட்யூல்களை ஏற்றுவதை உலாவி தடுத்துவிடும். ஒரே கோப்பு என்று ப்ராம்ப்டில் அழுத்திச் சொல்லியும் ஒரு மாடல் இப்படித்தான் தந்தது. அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. எதற்கும், எல்லாக் கோப்புகளையும் சொந்தக் கணினியில் ஒரு சிறிய சர்வர் வழியாக, ஒரே உலாவியில் ஓட்டுவது நல்லது.

வெளியீட்டு டோக்கன் வரம்பையும், அதாவது மாடல் ஒரே பதிலில் எவ்வளவு நீளம் எழுதலாம் என்ற வரம்பையும், முதலிலேயே உயர்த்தி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நீளமான நிரல் நடுவரியில் அறுந்து வரும். "தொடர்ந்து எழுது" என்று கேட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், முன்பே எழுதிய பகுதியை மறுபடி எழுதி ஒட்டிவிடுகின்றன. ஒரே மாறி இருமுறை அறிவிக்கப்பட்டிருப்பதாகப் பிழைச் செய்தி வரும். கையால் திருத்தி ஓட்டினால் அது மாடலின் வேலையாக இருக்காது, நம் வேலையாகிவிடும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பாம்பு விளையாட்டை நான்கு மாடல்களும் முதல் முயற்சியிலேயே ஓடும்படி எழுதின. அரை நிமிடம் ஆடிவிட்டு எழுந்திருந்தால் நால்வரும் சமம் என்றுதான் எழுதியிருப்பேன். பாம்பு வலப்புறம் போய்க்கொண்டிருக்கும்போது மேல் விசையையும் இட விசையையும் அடுத்தடுத்து வேகமாகத் தட்டிப் பாருங்கள். நேர் எதிர்த்திசைக்குத் திரும்பக் கூடாது என்ற விதியை எல்லா மாடல்களும் எழுதியிருந்தன; ஆனால் இரண்டு மாடல்கள் புதிய திசையைக் கடைசியாக அழுத்திய விசையின் திசையோடு ஒப்பிட்டன, பாம்பு கடைசியாக உண்மையில் நகர்ந்த திசையோடு ஒப்பிடவில்லை. முதல் தட்டலில் திசை "மேல்" என்று மாறிவிடுகிறது. அடுத்த தட்டலுக்கு "இடம்" செல்லுபடியாகிறது. பாம்போ இன்னும் நகரவே இல்லை. அடுத்த நகர்வில் அது தன் கழுத்திலேயே முட்டிச் சாகிறது. தோற்றவருக்குத் தான் எப்படித் தோற்றோம் என்பதே புரியாது.

இதைவிட மோசமானது, தோற்ற பிறகு வந்தது. ஒரு மாடலின் விளையாட்டில் "மறுபடி ஆடு" பொத்தானை அழுத்தியதும் பாம்பின் வேகம் கூடியது. மறுபடி தோற்று மறுபடி அழுத்தினால் இன்னும் கூடியது. முந்தைய ஆட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்த சுழலை (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியை) நிறுத்தாமலே புதிய சுழலைத் தொடங்கிவிடுவதால், திரைக்குப் பின்னால் இரண்டு, மூன்று என்று சுழல்கள் சேர்ந்து ஓடுகின்றன. ஸ்கிரீன்ஷாட்டில் மிக அழகாக இருந்தது இந்த மாடலின் விளையாட்டுதான்: ஒளிரும் பச்சை, மங்கலான கட்டக் கோடுகள், உணவை விழுங்கும்போது சிதறும் துகள்கள். ஒருமுறைகூடத் தோற்காமல் ஆடினால் குறையே தெரியாது. அதனால் எந்த விளையாட்டையும் வேண்டுமென்றே தோற்று, மறுபடி தொடங்கி, மறுபடி தோற்றுப் பார்த்துவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது திரையையும் சொல்லியாக வேண்டும். உலாவியின் வரைதல் சுழல், திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறதோ அத்தனை முறை ஓடும். கழிந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல், ஒவ்வொரு சுழலுக்கும் இவ்வளவு தூரம் என்று நிரல் எழுதப்பட்டிருந்தால், 60 ஹெர்ட்ஸ் திரையில் நிதானமாகப் போகும் விளையாட்டு 144 ஹெர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகத்தில் பாயும். என்னோடு சேர்ந்து மதிப்பிட்ட நண்பர் ஒரு விளையாட்டை "ஆடவே முடியாது" என்று நிராகரித்ததும், அதே விளையாட்டு எனக்கு இதமாக இருந்ததும் இதனால்தான். இருவேறு திரைகளில் ஆடிப் பார்த்தால், நேரத்தைக் கணக்கிடத் தெரிந்த மாடல் எது என்பதை நிரலைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

டெட்ரிஸில் 10 கட்ட அகலமும் 20 கட்ட உயரமும் கொண்ட பலகையை எல்லாமே சரியாக வரைந்தன. ஏழு வடிவங்களும் இருந்தன. ஒரு வரிசை நிரம்பினால் ஒழுங்காக அழிந்தது. ஆனால் நீளத் துண்டை இறக்கி நான்கு வரிசைகளை ஒன்றாக நிரப்பியபோது, ஒரு மாடலின் பலகையில் இரண்டு மட்டும் அழிந்து, நிரம்பிய இரண்டு வரிசைகள் அப்படியே நின்றன. கீழிருந்து மேலாக வரிசைகளைப் பார்த்துவரும் நிரல், ஒன்றை நீக்கியதும் மேலே உள்ளவை ஒரு படி இறங்கிவிட்டதை மறந்து அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுவதால், ஒன்றுவிட்டு ஒன்று தப்பித்துவிடுகிறது. டெட்ரிஸ் ஆடுகிறவர் காத்திருப்பதே அந்த நான்கு வரிசைக்காகத்தான் என்பதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. 2048இல் ஒரு வரிசையில் நான்கு 2கள் இருக்கும்போது இடப்புறம் தள்ளினால் இரண்டு 4கள் வர வேண்டும். இணைந்து பிறந்த கட்டம் அதே நகர்வில் மறுபடி இணையக் கூடாது. ஒரு மாடல் நேராக 8 என்று தந்தது. மற்றவை சரி.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் இணையத்தில் ஆயத்த நிரல்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆகவே ஒரு மாடல் சரியாக எழுதினால், அது யோசித்து எழுதியதா, மனப்பாடம் ஒப்பித்ததா என்று பிரித்தறிய வழியில்லை. அதற்காகப் பாம்பு விளையாட்டில் ஒரு விதியை மாற்றினேன்: உணவை விழுங்கியதும் வால் தலையாகவும் தலை வாலாகவும் மாறிவிட வேண்டும். வால் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அதன் கடைசி இரண்டு கட்டங்களைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். ஒரு மாடல் உடலை மட்டும் தலைகீழாக்கிவிட்டு, திசையை வெறுமனே எதிராக மாற்றியது. பாம்பு நேராக இருக்கும்வரை அது சரியாகவே நடந்தது. கொண்டை ஊசிபோல் வளைந்திருக்கும்போது உணவை விழுங்கினால், மாறிய அந்தக் கணமே தன் உடலுக்குள் புகுந்து செத்தது. இன்னொன்று திசையை மாற்றவே இல்லை. மற்ற இரண்டும் சரியாக எழுதின. அவற்றில் ஒன்றின் திரை சாம்பல் பின்னணியில் கறுப்புச் சதுரங்களாக, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. இந்தச் சிறு மாற்றம் சொல்லித் தந்த அளவுக்கு வேறெந்தச் சோதனையும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சோகோபானில் வேறு விதமான ஏமாற்றம். 1982இல் ஜப்பானில் வெளிவந்த இந்தப் பெட்டி தள்ளும் விளையாட்டின் விதிகள் எளியவை; தள்ளலாம், இழுக்க முடியாது. நகர்வுகளை எழுதுவதில் எந்த மாடலும் தடுமாறவில்லை. நிலைகளை வடிவமைப்பதில்தான் எல்லாமே கோட்டை விட்டன. பெட்டிகளைவிட இலக்குகள் கூடுதலாக இருந்த நிலை, தொடக்கத்திலேயே பெட்டி சுவர் மூலையில் சிக்கி எந்தப் பக்கமும் தள்ள முடியாமல் கிடந்த நிலை என்று பலவும் வந்தன. ஆனால் தீர்வு இருப்பதுபோல் தோன்றி, நெடுநேரம் மண்டையைக் குடைந்த பிறகு தீர்வே இல்லை என்று தெரியவந்த ஒரு நிலைதான் என் மாலைப் பொழுதை விழுங்கியது. பொதுவாக எடுத்துக்கொண்டால் சோகோபான் கணிப்பியலில் மிகக் கடினமான சிக்கல்களின் வகையைச் சேர்ந்தது. மாடல்கள் தந்தவை சிறிய பலகைகள் என்பதால், எல்லா நகர்வுகளையும் படிப்படியாகத் தேடும் ஒரு சிறு நிரலே போதுமானதாக இருந்தது. அதை எழுதி ஓட்டிய பிறகு, ஒவ்வொரு நிலைக்கும் தீர்வு உண்டா இல்லையா என்று நொடியில் தெரிந்தது. அந்த நிரலை முதலில் எழுதிவிட்டு, பிறகு விளையாட உட்காருங்கள்.

மதிப்பிடும்போது எந்தக் கோப்பு எந்த மாடலுடையது என்பது தெரியக் கூடாது. கோப்புகளின் பெயரை மாற்றிக் கலைத்துத் தரும் பொறுப்பை நண்பரிடம் விட்டேன். அவர் நிரலின் தொடக்கத்தில் மாடல்கள் எழுதிவைக்கும் குறிப்புரைகளையும் நீக்கித் தந்தது நல்லதாயிற்று, ஏனெனில் சில மாடல்களின் எழுத்துநடை அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மாடல் ஒரே ப்ராம்ப்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு நிரலைத் தருவதால், ஒற்றை ஓட்டத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. டெட்ரிஸில் இரண்டு வரிசைகளைத் தப்பவிட்ட அதே மாடல் இன்னொரு ஓட்டத்தில் அதைச் சரியாகவே எழுதியது. நேரத்தை மிச்சப்படுத்த, இன்னொரு மாடலையே நடுவராக வைத்து ஸ்கிரீன்ஷாட்டுகளையும் நிரலையும் கொடுத்துப் பார்த்தேன். துகள்கள் சிதறும் பாம்புக்கு அது முதலிடம் தந்தது.

பரிதாபமான சாம்பல் திரையை எழுதிய மாடல்தான் கடைசியில் முதலில் வந்தது. பட்டியலை முடித்துச் சரிபார்க்க மறுபடி ஓட்டியபோது, அதே பெயரில் வேறு விதமான நிரல்கள் வரத் தொடங்கியிருந்தன. ஏபிஐயில் நான் பயன்படுத்தியது "மிகப் புதியது" என்று பொருள்படும் பொதுப்பெயர், அதன் பின்னால் இருந்த மாடலை நிறுவனம் இதற்குள் மாற்றிவிட்டது. தேதியோடு கூடிய பதிப்புப் பெயர் தனியாக இருக்கிறது, விலைப் பக்கத்தின் அடியில். இப்போது அந்தப் பெயரைக் கொடுத்து, சோகோபானிலிருந்து மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.