மெல்லினம் வராத பிள்ளை

என் சின்ன மகன் 'அம்மா' என்று கூப்பிட்டால் இவர்தான் எழுந்து போவார். அவன் வாயில் அது 'அப்பா' மாதிரி வரும். 'மாமா' என்றால் 'பாபா'. 'மணி' என்றால் 'படி'. மூன்று வயதில் அதை மழலை என்று கொஞ்சினோம். நாலரை வயதிலும் அப்படியே இருந்தபோதுதான் உறைத்தது. பள்ளியில் படித்திருக்கிறோமே, மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று. அவனுக்கு மூக்கு வழியே காற்றே போகவில்லை. அதனால் ம, ந, ண எல்லாம் வல்லினமாகத்தான் வெளியே வந்தன.

வழியை அடைத்தது அடினாய்டு. மூக்கின் பின்பக்கம், அண்ணத்துக்கு மேலே இருக்கும் சதை அது. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது. தெரிவது டான்சில், இது அதற்கும் மேலே ஒளிந்திருக்கும். எல்லாக் குழந்தைக்கும் உண்டு, கிருமிகளை எதிர்க்கும் வேலையில் அதற்கும் பங்குண்டு. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை பெரிதாக இருக்கும். அப்புறம் தானாகச் சுருங்கி, பதின்ம வயதில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். இந்தத் 'தானாகச் சுருங்கும்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் எட்டு மாதம் தடுமாறியது இதில்தான்.

முதலில் பார்த்த இஎன்டி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சதை பெரிசா இருக்கு, எடுத்துடலாம்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காதைப் பரிசோதிக்கவில்லை. ராத்திரி எப்படித் தூங்குகிறான் என்று கேட்கவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்தா என்ற பயத்தில் வெளியே வந்தேன். அந்தப் பயம்தான் என்னை ஹோமியோபதிக்குக் கொண்டுபோனது.

அந்த மருத்துவர் ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைக்கு வியர்க்குமா, இருட்டைக் கண்டால் பயப்படுவானா, புது ஆட்களிடம் எப்படிப் பழகுவான் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். என் பயத்தை மதித்துக் கேட்ட முதல் ஆள் அவர். அதை இன்றும் மறுக்க மாட்டேன். பரைட்டா கார்ப் 30, அப்புறம் அக்ராபிஸ் நூட்டன்ஸ் என்று இரண்டு மருந்து தந்தார். வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள், நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். மகனுக்கு ரொம்பப் பிடித்தது.

மூன்றாவது மாதத்தில் குறட்டை குறைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவிடம் போனில் அரை மணி நேரம் பேசினேன். சளி அதிகம் பிடிக்காத மாதங்கள் அவை என்பது அப்போது மனதில் படவே இல்லை. அடுத்த சளி வந்ததும் பழைய குறட்டை அப்படியே திரும்பியது. 'மருந்து உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருகிறது' என்று விளக்கம் கிடைத்தது. நம்பினேன்.

பிறகுதான் 30 என்றால் என்ன என்று தேடிப் படித்தேன். மூலப்பொருளை நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதை மறுபடியும் நூறில் ஒரு பங்காகக் கரைத்து, இப்படி முப்பது முறை. ஒன்றுக்குப் பின்னால் அறுபது சுழி போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. பன்னிரண்டாவது முறை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஹோமியோபதி ஆய்வுகளை அலசிவிட்டு, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015இல் சொன்னது. சரி, அப்படியானால் நான் கண்ணால் பார்த்த முன்னேற்றம்?

அதற்கு விடை இன்னொரு ஆய்வில் கிடைத்தது. அமெரிக்காவில் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் 464 குழந்தைகளை, 5 முதல் 9 வயது வரை, இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டான்சிலும் அடினாய்டும் எடுத்தார்கள். இன்னொரு பிரிவை அறுவை சிகிச்சை செய்யாமல் கவனித்தபடி காத்திருந்தார்கள். 2013இல் முடிவு வந்தது. ஏழு மாதத்தில் அறுவை செய்த குழந்தைகளில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாகிவிட்டது. காத்திருந்தவர்களில் 46 சதவீதம். அந்த 46ஐப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகளுக்கு அறுவை செய்யாமலே சரியாகியிருக்கிறது. அந்த ஏழு மாதமும் அவர்களுக்குச் சர்க்கரை உருண்டை கொடுத்திருந்தால், உருண்டைதான் குணப்படுத்தியது என்று ஒவ்வொரு அம்மாவும் சத்தியம் செய்திருப்பாள். நானும் செய்தேன்.

காத்திருப்பதும் சிகிச்சைதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வில் காத்திருந்த பிள்ளைகளை டாக்டர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சுத்திணறல் மிக மோசமாக இருந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. நான் காத்திருந்தபோது என் பிள்ளையின் காதை யாரும் பார்க்கவில்லை.

பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டார். "பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான், முன்னாடி போய் நின்னாதான் பேசறான்" என்றார். வீட்டிலும் அதேதான். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான், மூன்று முறை கூப்பிட்டாலும் வரமாட்டான். பிடிவாதம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். ஒரு முறை கையை ஓங்கியும் இருக்கிறேன். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் குழாய் வருகிறது. அதன் வாய்க்குப் பக்கத்திலேயே இந்தச் சதை இருப்பதால், குழாய் சரியாக வேலை செய்யாமல் காதுக்குள் பிசின் மாதிரி நீர் தேங்கிவிடுகிறது. வலிக்காது, சீழ் வராது. பிள்ளையும் எதுவும் சொல்லத் தெரியாமல் மந்தமான சத்தத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்கும். கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர் 1868லேயே, வாய் வழியே மூச்சு, காது மந்தம், மூக்கடைத்த பேச்சு மூன்றையும் இந்தச் சதையோடு சேர்த்து விவரித்திருக்கிறார். எனக்கு ஒரு பள்ளி ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாவது டாக்டர் எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு, "ராத்திரி வீடியோ இருக்கா?" என்றார். இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் எடுத்திருந்தேன். கழுத்தைப் பின்னால் வளைத்து வாயைப் பிளந்து தூங்குகிறான். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறது. நடுவில் மார்பு அசைகிறது, ஆனால் சத்தம் நின்றுவிடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை நான் எண்ணுவது வீடியோவில் கேட்கிறது. அப்புறம் திடுக்கென்று ஓர் இழுப்பு. தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். ஒரு வருடமாக நின்றிருந்த படுக்கை நனைப்பதும் திரும்பியிருந்தது. அதுவும் இதனோடு சேர்ந்ததுதான் என்றார். மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் விட்டுப் பார்த்ததில் முக்கால் வழி அடைத்திருந்தது. காதுப் பரிசோதனைத் தாளில் மலை மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு, இரண்டு காதுக்கும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

அப்போதும் அவர் உடனே கத்தியைத் தூக்கவில்லை. ஆறு வாரம் உப்பு நீரும் மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் தந்தார். இந்த ஸ்பிரேயை நிறையப் பேர் தப்பாக அடிக்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான். முதலில் உப்பு நீர் விட்டுச் சளியைச் சிந்தவைக்க வேண்டும். பிறகு தலையைக் கொஞ்சம் குனியச் சொல்லி, இடது மூக்குக்கு வலது கையாலும் வலது மூக்குக்கு இடது கையாலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் முனை நடுத்தண்டில் படாமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்கும். நடுத்தண்டில் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகி ரத்தம் வரும். பலமாக உறிஞ்சவும் கூடாது, உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இரண்டு நாளில் பலன் தெரியாது, வாரக்கணக்கில் ஆகும். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். மூக்கில் அடிக்கும் இந்த அளவில் உடம்புக்குள் சேர்வது மிகக் குறைவு. நிறையக் குழந்தைகளுக்கு இதிலேயே சரியாகிவிடும் என்றார்.

அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை பற்றியும் கேட்டேன். அது குழந்தைகளின் மனநிலையையும் தூக்கத்தையும் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதன் மேல் கடுமையான எச்சரிக்கை போட வைத்ததைச் சொல்லி, இவனுக்கு வேண்டாம் என்றார்.

ஆறு வாரத்தில் குறட்டை பாதியானது. காது மட்டும் அசையவில்லை. மூன்று மாதம் தாண்டியும் நீர் இருந்தால், கேட்கும் திறனும் குறைந்திருந்தால், அடினாய்டை எடுத்துச் செவிப்பறையில் கிரோமெட் என்ற சின்னக் குழாய் வைப்பது நல்லது என்றார். அவன் எவ்வளவு காலமாக அப்படி இருந்தானோ யாருக்குத் தெரியும். இந்த முறை மறுக்க என்னிடம் காரணம் இல்லை.

வீட்டில் இவருக்குத்தான் தயக்கம், எதிர்ப்புச் சக்தி போய்விடுமோ என்று. டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. சின்ன வயதில் அடினாய்டையோ டான்சிலையோ எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாச நோய்கள் கூடுதலாக இருந்தன என்றது. டாக்டர் அதை ஒதுக்கவில்லை. அடிக்கடி நோய்ப்பட்ட பிள்ளைகளுக்குத்தானே எடுக்கிறார்கள், அதனால் அறுவைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கு அது நல்ல காரணம், தேவையானபோது தள்ளிப்போட அது போதாது என்றும் சொன்னார். முதல் நாளே எனக்கு யாராவது இப்படிப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

அறுவைக்கு முன் அவன் அண்ணத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். மேலே தோல் மூடி, உள்ளே பிளவு இருந்தால், அடினாய்டை எடுத்ததும் பேச்சு முழுக்க மூக்கு வழியே வர ஆரம்பித்துவிடுமாம். வெளியே எங்கும் வெட்டு இல்லை, அடினாய்டை வாய் வழியாக எடுத்தார்கள், கிரோமெட்டைக் காது வழியாக வைத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. கதவுக்கு வெளியே அந்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்று எழுத வரவில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஒரு வாரம் வாய் நாற்றம் பயங்கரமாக இருந்தது, அது இயல்பு. கழுத்து கொஞ்சம் வலித்தது. கழுத்தைத் திருப்பவே முடியாமல் போனாலோ, புது ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடிவாருங்கள் என்று எழுதியே தந்திருந்தார்கள். முதல் சில நாள் உள்வீக்கத்தால் குறட்டை இருந்தது. சின்ன வயதில் எடுத்தால் சில பிள்ளைகளுக்குச் சதை கொஞ்சம் திரும்ப வளரலாம் என்பதையும் சொல்லியிருந்தார்கள்.

இப்போது ஹோமியோபதி கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மா யாராவது இதைப் படித்தால், நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. நாளைக்கே காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள். இன்று ராத்திரி சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். மூச்சு நின்று நின்று வந்தால் எந்த உருண்டைக்காகவும் காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சுவர்க் கடிகாரத்தைக் காட்டி "அது ஏன் சத்தம் போடுது?" என்று கேட்டான். அது அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் மாட்டியிருக்கிறது.

பத்தாம் நாள் ராத்திரி பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டான். "அம்மா." இவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. நான் எழுந்து போனேன்.