பட்டம் வாங்கிய பிள்ளையை யார் அடிப்பது?

வடசென்னையில் பாக்ஸிங் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. புதுசாக வருகிற பிள்ளையை ஸ்டேட் அளவுக்குக் கொண்டுவருவது பாடுதான், ஆனால் வழி தெரிந்த பாடு. ஒருமுறை தங்கம் வாங்கிவிட்ட பிள்ளையை அடுத்த வருஷமும் அதே எடைப் பிரிவில் இறக்கி அதே தங்கத்தை வாங்க வைப்பதுதான் உயிரை எடுக்கிற வேலை. ஜெயித்ததும் வெறி அடங்கிவிடும், அதனால்தான் அடுத்த தடவை தோற்கிறார்கள் என்று பலரும் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறி அப்படியே இருக்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். கிளப்பில் அவர்களை அடிக்க ஆள் இல்லாமல் போய்விடுகிறது, கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெடலோடு வந்து இறங்கிய வாரமே அது தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றும். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிக்காக மோதும்போது, எதிரே நிற்கிறவள் கையை நீட்டுவாள், ஆனால் தோளைத் திருப்பிப் போடமாட்டாள், சாம்பியன் அக்கா மேல் நிஜமாகவே பட்டுவிட்டால் என்ன செய்வது என்கிற தயக்கம். அந்தச் சாம்பியனுக்கும் அது பழகிவிடும். இடது கையால் ஜாப், அதாவது நேராக நீட்டி ஒரு குத்து, போட்டால் போன வேகத்திலேயே கை கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பாமல் நெஞ்சு உயரத்தில் ஒரு நொடி நிற்கும், நின்றாலும் அடி விழாது, அதனால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இறங்கும். தொங்குகிற பேகில் அடிக்கும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும், பேக் திருப்பி அடிக்காதில்லையா. இதற்குள் மற்ற மாவட்டத்து கோச்சுகள் போன வருஷ ஃபைனல் வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு, இந்தப் பொண்ணு ஜாப் போட்டதும் அதுக்கு மேல வலது கையை விடு என்று தங்கள் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள்.

பெரிய ஆட்களிடமும் இதைப் பார்க்கலாம். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், அதுவரை தோல்வியே தெரியாத மைக் டைசனோடு மோதினார். டக்ளஸின் அம்மா இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எட்டாவது ரவுண்டில் கீழே விழுந்தவர் எழுந்து வந்து பத்தாவதில் டைசனை நாக்அவுட் செய்தார். அதே மனிதர் அக்டோபரில் ஹோலிஃபீல்டிடமிருந்து பட்டத்தைக் காக்க வந்தபோது 246 பவுண்டு எடை, டோக்கியோவில் இருந்ததைவிட ஏறக்குறைய ஆறரை கிலோ அதிகம். மூன்றாவது ரவுண்டிலேயே கதை முடிந்தது. ஜோ லூயிஸைப் பாருங்கள், 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் பட்டத்தை 25 முறை காத்தவர். 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை மட்டும் மாதத்துக்கு ஒரு சண்டை, ஏழு மாதத்தில் ஏழு. அந்த ஏழாவதில் பில்லி கான் 12 ரவுண்டு முடியும்போது நடுவர்களில் இரண்டு பேர் கணக்கில் பாயிண்டில் முன்னால் இருந்தார், 13-வது ரவுண்டில் லூயிஸ் அவரை வீழ்த்தினார். உட்கார நேரமில்லாமல் நிஜ அடி வாங்கிப் பழகிய உடம்புதான் அந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

அவர்கள் ஆடியது தொழில்முறை பாக்ஸிங், நம் பிள்ளைகள் ஆடுவது அமெச்சூர். சவாலுக்கு ஒருவர் வரும்வரை பெல்ட்டோடு காத்திருக்கிற வசதி இங்கே கிடையாது, போன வருஷ சாம்பியனும் மிஷினில் ஏறி எடை காட்டி, டிராவில் யார் வந்தாலும் மோதி, ஃபைனல் வரை வர வேண்டும். மேரி கோம் 2002, 2005, 2006, 2008, 2010, 2018 என்று ஆறு உலகப் பட்டங்கள் வாங்கியது இப்படித்தான், நடுவே 2007இல் இரட்டைக் குழந்தைகளும் பிறந்தார்கள். லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்றே எடைப் பிரிவு, அவருடைய 48 கிலோ அதில் இல்லை. 51-க்கு ஏறினார், உயரமான எதிராளிகளைச் சமாளிக்க ஆண்களோடு ஸ்பாரிங் செய்தார், வெண்கலத்தோடு வந்தார். நிகத் ஜரீனுக்கும் அதே சிக்கல்: 2022இல் இஸ்தான்புல்லில் ஜெயித்த 52 கிலோ பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை, 50-க்கு இறங்கி 2023இல் டெல்லியில் மறுபடி உலக சாம்பியன் ஆனார்.

சரி, என் கிளப்பில் நான் செய்வது இதுதான். ஸ்டேட் நெருங்கும்போது வெளிக் கிளப்பிலிருந்து, போன வருஷம் தங்கம் வாங்கியவளைப் பற்றி எந்த மரியாதையும் இல்லாத, ஒரு பிரிவு மேலே இருக்கிற பையனைக் கூட்டிவருவேன். 16 அவுன்ஸ் கிளவுஸ், ஹெட்கார்டு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தலை கலங்குகிற மாதிரி ஒன்று விழுந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவேன், அதில் பேச்சே கிடையாது. போன மாதம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கை இறங்கிய அதே நொடியில் அந்தப் பையனின் வலது கை மூக்கில் வந்து இறங்கியது. அடுத்த ரவுண்டு முழுக்க அவளுடைய இடது கை கன்னத்தை விட்டு வந்த வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் அப்பா ரிங் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கம் வாங்கின பொண்ணு மாஸ்டர், அதைப் போய் இப்படி அடி வாங்க விடறீங்களே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, மூக்கில் ஐஸை அழுத்திக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போப்பா" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அந்தப் பையனை அடுத்த வாரமும் வரச் சொல்லுங்க மாஸ்டர்" என்றாள்.