தம்பி கழுத்தில் கட்டிய நெறி

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் தம்பியின் கழுத்தைச் சரியாகப் பார்த்தேன். படகு கரையில் நின்ற அந்த 61 நாளும் வீட்டில் இருந்தான், அதனால் கண்ணில் பட்டது. இடது காறை எலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு நெறி. தொட்டால் ரப்பர் மாதிரி இருந்தது, வலியே இல்லை. ராத்திரியில் பாய் நனைகிற அளவுக்கு வியர்வை வேறு. அக்னி நட்சத்திரப் புழுக்கம் என்று விட்டுவிட்டோம்.

முதலில் பார்த்த டாக்டர், டிபி நெறியாக இருக்கும் என்று சதை எடுத்துப் பார்க்காமலே மாத்திரை தொடங்கினார். இரண்டு மாதம் போச்சு. ஒரு நெறி மூன்றானது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அப்புறம் மதுரையில் ஒரு நெறியை முழுசாக வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். ஆந்தைக் கண் மாதிரி இரட்டைக் கரு உள்ள ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் இருந்தன. ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர் நெறியில் வரும் ஒரு புற்றுநோய்.

அடுத்தது, நோய் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கப் பெட் ஸ்கேன். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் படுக்கச் சொன்னார்கள். ஒரு கம்பளியும் கொடுத்தார்கள். குளிரெடுத்தால் கழுத்தில் உடம்புக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பும் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொண்டு நோய் போலவே தெரியுமாம்.

சர்க்கரை சேர்ந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். அதில் மூளையும் மூத்திரப்பையும் கன்னங்கரேலென்று இருந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். அது எல்லாருக்கும் அப்படித்தானாம். பார்க்க வேண்டியது கழுத்தில் சரம் போல் இருந்த கறுப்புப் புள்ளிகளையும், இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் இருந்த திட்டையும். டிபி நெறியும் இப்படியே கறுக்குமாம். படத்தை மட்டும் வைத்து எந்த நோய் என்று சொல்ல முடியாது. சதைப் பரிசோதனையை விடவே கூடாது என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

இது பரவும் விதத்தை நான் எங்கள் ஊர் பாசஞ்சர் ரயிலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வருகிற மாதிரி, ஹாட்ஜ்கின் பெரும்பாலும் நிணநீர்க் குழாய் வழியே பக்கத்து நெறிக்குத்தான் போகும். கழுத்து, நெஞ்சு, அப்புறம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே வயிறு, மண்ணீரல். அதையும் தாண்டி ரத்தத்தில் கலந்தால் கல்லீரல், எலும்பு மஜ்ஜை. தம்பிக்கு உதரவிதானத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டாம் நிலை.

இரண்டு மாதத்தில் நான்கு கீமோ ஊசி முடிந்ததும் மறுபடியும் பெட் ஸ்கேன். இந்தத் தடவை கல்லீரலின் சாயலோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். இவனுக்கு இரண்டு. நல்ல மதிப்பெண். கறுப்பு போயிருந்தது. ஆனால் சிடி படத்தில் நெஞ்சு நடுவே சின்னக் கட்டி இன்னும் தெரிந்தது.

"அப்ப இது என்னக்கா?" என்றான்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "அதுல உயிரில்லடா. வெறும் தழும்பு."