காகித மாலைக்குள் ஒரு குதிரை

"குதிரையைப் பாக்கணும்னா வெள்ளன போயிரணும்" என்று அத்தை முதல் நாளே சொன்னார். மாசி மகத்தன்று நாங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. குதிரையைக் காணோம். மாலைகள்தான் நின்றன.

பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் அந்த வெள்ளைக் குதிரை முப்பது அடிக்கு மேல் உயரம். வில்லுனி ஆற்றங்கரையில் முன்னங்கால்களைத் தூக்கித் தாவுகிற கோலம். வேண்டுதல் பலித்தவர்கள் அதன் உயரத்துக்கே காகிதப்பூ மாலை கட்டி வேனிலும் லாரியிலும் ஏற்றி வருகிறார்கள். அன்று முழுக்க மாலை மேல் மாலை. பக்கத்துக் கீரமங்கலத்தில் பூச்சந்தையே இருக்கிறது, அப்புறம் எதற்குக் காகிதம் என்று கேட்டேன். "அம்புட்டு நீளத்துக்குப் பூவுல கட்டுனா தூக்கவா முடியும்?" என்றார் அத்தை. சரிதான். சன்னதியில் நெரிசலுக்கு நடுவே ஒரு நிமிடம் அய்யனாரைப் பார்த்தோம். அது போதும்.

இந்தக் குதிரைப் பக்தி இங்கே வேர்விட்டதற்கு மண்ணும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. கல்லணைக் கால்வாய் கிழக்குப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மற்றபடி கண்மாய்தான் கதி. கண்மாய்க்குக் காவல் அய்யனார். அவர் ஏறுகிற குதிரைக்கும் கண்மாய் மண்தான்.

திரும்பும் வழியில், மண்குதிரை செய்கிற குயவரான ஒரு வேளார் வீட்டில் இறங்கினோம். அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொண்டுபோய் வைக்கிற புரவி எடுப்புக்கு, ஊர் கூடிப் பிடிமண் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும் என்றார் பெரியவர். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் நான்கு கால்களை உருளையாக எழுப்ப வேண்டும். அவை கொஞ்சம் இறுகினால்தான் மேலே உடம்பு நிற்கும். அவசரப்பட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். அப்புறம் வைக்கோல், வரட்டி அடுக்கிச் சூளை. வண்ணம் பூசி, கடைசியாகக் கண் திறந்ததும் ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும்.

அடுத்த ஊர் அய்யனார் கோயிலில் பழைய குதிரைகள் வரிசையாக நின்றன. ஒன்றுக்குத் தலை இல்லை. ஒன்று இடுப்பளவு மண்ணுக்குள். உடைந்த இடத்தில் உமி எரிந்த தடம் சின்னச் சின்னக் குழியாகத் தெரிந்தது. பெரியவரிடம் இதைப் பற்றியும் கேட்டிருந்தேன். "அதை ஒட்டவைக்கிறது இல்ல தம்பி. கரையட்டும். அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும்ல" என்றிருந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அத்தையின் கொண்டையில் ரோஸ் காகிதத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும், விடு" என்றார்.