உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு உரம் தேடிய கதை

கோவையில் மீன்தொட்டிக்கென்று சிறுவாணிக் குடிநீரை ஒதுக்க எந்த வீட்டிலும் மனம் வராது. மீனோடு நீர்ச்செடிகளும் வளரும் எங்கள் தொட்டியிலும் போர்வெல்லின் உப்புத் தண்ணீர்தான். செடிகளின் புதுத் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிறி வரத் தொடங்கியபோது, கடைக்காரர் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாச் சத்தும் அடங்கிய புட்டி ஒன்றைக் கொடுத்தார். பலனில்லை என்றதும் அளவை இரட்டிப்பாக்கச் சொன்னதோடு, எப்சம் உப்பையும் (மக்னீசியம் சல்பேட்) சேர்த்து விற்றார். பாசி மட்டும் செழித்தது.

டிடிஎஸ் மீட்டரை நம்பிப் பயனில்லை. கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் காட்டுமே தவிர, அது கால்சியமா சோடியமா என்று பிரித்துச் சொல்லாது. ஒரு தனியார் ஆய்வகமோ கட்டணத்தை வாங்கிக்கொண்டு, மொத்தக் கடினத்தன்மையை மட்டும் குறித்து, குடிக்க உகந்ததல்ல என்று எழுதி அனுப்பிவிட்டது. விவசாயிகளுக்கான பாசன நீர்ப் பரிசோதனையில்தான் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் ஆகியவை தனித்தனியாக வரும். அங்கும் சர்வே எண், பயிர் ஆகிய கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். மறுபடி போனபோது, உள்ளிருந்த அலுவலர் ஒருவர் பயிருக்கு நேராக 'அலங்காரச் செடிகள்' என்று எழுதச் சொன்ன பிறகே அது நகர்ந்தது.

அறிக்கையில் அளவுகள் மில்லி ஈக்விவலண்ட் கணக்கில் இருக்கும், 2.8 ஆல் பெருக்கினால் மீன் வளர்ப்பவர்களுக்குப் பழகிய கடினத்தன்மை டிகிரி கிடைக்கும். எங்களுடையது கால்சியம் 5, மக்னீசியம் 3, பைகார்பனேட் 6, அதாவது ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) 22, கேஎச் (பைகார்பனேட் அளவு) 17. பிஎச் 8.1. லிட்டருக்கு 36 மில்லிகிராம் மக்னீசியம் ஏற்கெனவே உள்ள தண்ணீருக்குத்தான் எப்சம் உப்பை விற்றிருக்கிறார்கள்! தளிர்களுக்குக் குறைந்தது இரும்புதான். புட்டியில் இருந்த இரும்போ இடிடிஏ வகை, அதாவது இடிடிஏ என்ற சேர்மம் இரும்பைப் பிணைத்துக் கரைந்த நிலையில் வைத்திருக்கும். பிஎச் 7-ஐ நெருங்கும்போதே அந்தப் பிணைப்பு தளர்ந்து, இரும்பின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ள, இரும்பு செடிக்கு எட்டாமல் படிந்துவிடுகிறது.

செடிகளுக்காகக் கரியமில வாயு செலுத்தும் நேரத்தில் எங்கள் தொட்டியின் பிஎச் 7.3 வரை இறங்குவதால் இன்னும் உறுதியான பிணைப்புள்ள டிடிபிஏ இரும்பு போதுமானதாக இருந்தது. வாயு செலுத்தாதவர்களுக்கு அதைவிடவும் உறுதியான இடிடிஎச்ஏதான் வழி. தண்ணீர் சற்றுச் சிவப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உரக்கடையில் வகை தெரியாவிட்டால் பாக்கெட்டைப் பாருங்கள்: இரும்பு 12 சதவீதம் என்றால் பெரும்பாலும் இடிடிஏ, 11 என்றால் டிடிபிஏ, 6 என்றால் இடிடிஎச்ஏ. டிடிபிஏ 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, வெளிச்சம் படாமல் வைத்து, 100 லிட்டர் தொட்டிக்கு 10 மில்லி விட்டால் சுமார் 0.1 பிபிஎம் இரும்பு சேரும். அடுத்தடுத்து வந்த தளிர்கள் பச்சையாகவே விரிந்தன.

போர்வெல்லில் நைட்ரேட் 40 பிபிஎம் இருந்ததால் 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்) உரம் வாங்கவில்லை. பொட்டாசியத்துக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷும், பாஸ்பேட்டுக்குத் துளியளவு 0-52-34-உம் (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) போதும். பின்னதை இரும்புக் கரைசலோடு கலந்தால் இரண்டும் சேர்ந்து படிந்து வீணாகும். மலிவாகக் கிடைக்கிறதென்று யூரியாவையோ டிஏபியையோ (டை அமோனியம் பாஸ்பேட்) போட்டுவிடாதீர்கள். இவ்வளவு பிஎச் உள்ள தண்ணீரில் அவற்றிலிருந்து வரும் அம்மோனியா மீன்களைக் கொன்றுவிடும்.