பாட்டு ஒன்று, சொத்து மூன்று: எல்லையோரத்திலிருந்து ஒரு சொந்தப் பாட்டை வெளியே கொண்டுவருவது

பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிளம்பிவிட்டால் வீட்டில் குரல் பதியாதீர்கள். சித்தூர் தாலுகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இருந்துகொண்டு தமிழில் எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடி வெளியிடுகிறவர்கள் நாங்கள் சிலர். ஒரு பாட்டு தத்தகாரத்தில் (வரி இல்லாமல் 'தானனா' என்று மெட்டைப் பாடிப் பார்ப்பதில்) தொடங்கி வங்கிக் கணக்கில் முதல் காசு விழுவது வரை எங்கெங்கே சிக்குகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கேயிருந்து வரும் காற்றில் இரண்டு விதச் சத்தம் இருக்கிறது. தகரக்கூரை அதிர்வது தாழ்ந்த சத்தம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். பனையோலை, தென்னையோலைச் சரசரப்பு அப்படியில்லை. அது குரலில் ச, ஸ ஒலிகள் இருக்கிற அதே உயரத்தில் இருக்கிறது. அதைத் துடைக்கப் போனால் பாடகருக்குப் பல் கொட்டிப்போன மாதிரி கேட்கும். எந்த மென்பொருள் விளம்பரத்தையும் நம்பாமல், காற்று அடங்குகிற அதிகாலைக்குக் காத்திருங்கள்.

வீட்டு அறைக்கு விலை கூடின கண்டென்சர் மைக்கைவிட சாதாரண டைனமிக் மைக்கே நல்லது. கண்டென்சர் பக்கத்து வீட்டுக் கோழியையும் சேர்த்துப் பதியும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும். மெத்தையையும் கம்பளியையும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். தொங்க வேண்டியது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். மைக் கேட்பது அந்தத் திசையைத்தான். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பதியுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் வரும் 'ம்ம்ம்' இரைச்சல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, உச்ச சத்தம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும்.

குரலைத் தவிர மற்றதற்குக் கோயம்புத்தூர் போவதுதான் வழக்கம். ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கு. டெம்போவும் சுருதியும் முடிவாகாமல் உள்ளே போனால் முதல் இரண்டு மணி நேரம் அதிலேயே கரையும். மூச்சு வாங்குமிடம் குறித்த வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு போங்கள். கிளம்பும்போது மிக்ஸ் ஆன பாட்டு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி வேவ் கோப்பாக, எல்லாம் முதல் தாளத்திலிருந்தே தொடங்கி ஒரே நீளத்தில் இருக்கும் ஸ்டெம்களை அன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் புரோகிராமரின் (கணினியில் வாத்திய இசையைக் கோத்துத் தருகிறவரின்) டிஸ்க் போயிருக்கும், அல்லது அவர் துபாய் போயிருப்பார். கையில் மிஞ்சுவது வாட்ஸ்அப்பில் வந்த எம்பி த்ரீ மட்டும்.

புரோகிராமரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்தச் செண்டை, இந்த நாதஸ்வரம் வாசித்ததா, லூப்பா (முன்பே பதிந்து விற்கிற இசைத்துண்டா)? லூப் தப்பில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய லூப்பே ஆனாலும் அது உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அதே லூப் இன்னும் நூறு பாட்டில் இருக்கும். ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கண்டென்ட் ஐடியில் அந்தப் பாட்டைப் பதிந்தால் உங்கள் பாட்டு மற்றவர்கள் மேல் உரிமை கோரும், அவர்களுடையது உங்கள் மேல் கோரும். லூப் உள்ள பாட்டுக்கு வெளியீட்டுப் படிவத்தில் கண்டென்ட் ஐடி கட்டத்தை டிக் செய்யாமல் விடுங்கள்.

மிக்ஸ் ஆன பாட்டுக்குக் கடைசி மெருகு போடும் மாஸ்டரிங் பற்றி ஒரு வார்த்தை. 'சத்தம் கம்மியா இருக்கே' என்று சொல்லி மைனஸ் 7 லஃப்ஸ் (பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏற்றச் சொல்கிறார்கள். ஸ்பாட்டிஃபை அதை மைனஸ் 14க்கு இறக்கித்தான் ஒலிபரப்பும். ஏற்றும்போது நசுங்கிய பறையடி இறக்கும்போது நிமிர்ந்துவிடாது.

இனி காகிதம். நாலு பேர் கூடிச் செய்த பாட்டு ஒரு சொத்து இல்லை, மூன்று: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. வரி எழுதியவருக்கு, மெட்டு போட்டவருக்கு, ஒலிப்பதிவு தயாரித்தவருக்கு. ஸ்டுடியோ செலவை 'நான் பாத்துக்கிறேன்' என்று ஒரு நண்பர் ஏற்றுக்கொண்டால், எழுத்தில் ஒன்றும் இல்லாத நிலையில் ஒலிப்பதிவு தன்னுடையது என்று அவர் சொல்ல இடமிருக்கிறது. யாருக்கு எதில் எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதி, பதிவு நடந்த அன்றே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். டீக்கடையில் வைத்துப் போட்டாலும் போதும். பாட்டு ஓடின பிறகு எழுதுகிற தாளில் யாரும் சிரித்துக்கொண்டு கையெழுத்திடுவதில்லை.

கம்பெனி ஒப்பந்தம் வந்தால் சட்டத்தின் 19ஆம் பிரிவை நினைவில் வைத்துப் படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ள வேண்டும். அதனால்தான் 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் உட்கார்ந்திருக்கிறது. பதிப்புரிமைக் காலம் என்பது வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். பேரன் காலம் வரை. வாங்கின உரிமையை ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது காலாவதியாகும் என்றும் சட்டம் சொல்கிறது. 'வேறுவிதமாகக் குறிப்பிட்டாலன்றி' என்ற வாலோடு. அந்த வாலையும் ஒப்பந்தத்தில் தேடுங்கள். ஒரு பாதுகாப்பை மட்டும் யாரும் எழுதி வாங்க முடியாது: 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை வாரிசுகளுக்கோ, வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுத்தர முடியாது.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை. எழுதின நிமிடமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிய நினைத்தால் படிவம் 14. வரிக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2000. விண்ணப்பத்துக்கு டைரி எண் கிடைத்த பிறகு யாராவது ஆட்சேபிப்பார்களா என்று 30 நாள் காத்திருப்பு உண்டு. எல்லாப் பாட்டுக்கும் இந்தச் செலவு வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். கம்பெனிக்கு அனுப்பப்போகிற பாட்டுக்குச் செய்யுங்கள். சாட்சிக்காகத் தனக்குத்தானே பதிவுத்தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்கிற பழைய வைத்தியத்தை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இங்கே எல்லைக்காரர்களுக்கே உரிய ஒரு தலைவலி: இனிஷியல். கேரளப் பள்ளிச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் வரும், 'முருகன் கே' என்று. தமிழ்நாட்டு நோட்டீஸில் 'கே. முருகன்'. பான் அட்டையில் அந்தக் 'கே' விரிந்து அப்பா பெயராக நிற்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது. வெளியீட்டுத் தளங்களுக்கு இவர்கள் நாலு பேர். முதல் பாட்டை ஒரு பெயரிலும் இரண்டாவதை இன்னொரு பெயரிலும் ஏற்றினால் இரண்டு கலைஞர் பக்கம் திறக்கும். சேர்க்கச் சொல்லி எழுதினால் வாரக்கணக்கில் ஆகும். ழகரம் உள்ள பெயரென்றால், ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். மேடைப்பெயர் எதுவும் இருக்கலாம். ஆனால் பான், வங்கி, ராயல்டிச் சங்கம் மூன்றிலும் சட்டப்பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

வெளியீட்டுப் படிவத்தின் மொழிக் கட்டமும் இதே கதை. சரணம் தமிழிலும் பல்லவி மலையாளத்திலும் இருக்கிற பாட்டுக்கு இரண்டு மொழி தர இடமில்லை, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த ஊர்ப் பிளேலிஸ்டில் கேட்கப்பட வேண்டுமோ அந்த மொழியைப் போடுங்கள்.

பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கிற விநியோகஸ்தரிடம் ஏற்றுவதற்கு வேவ் கோப்பும், 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படமும் வேண்டும். படத்தில் போன் நம்பர், இன்ஸ்டா பெயர், இணைய முகவரி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெளியீட்டுத் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் முன்னதாக அது அவர்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தில் ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண் ஒன்று கிடைக்கும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். விநியோகஸ்தரை மாற்றும்போது புது எண் போட்டால் அதுவரை கேட்டவர்களின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வருடச் சந்தா வாங்குகிற விநியோகஸ்தர் என்றால், சந்தா நின்றதும் பாட்டை இறக்கிவிடுவார்களா என்று முதலிலேயே பாருங்கள்.

காசு மெதுவாகத்தான் வரும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழி தனி. யூடியூப் கேட்கிற அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் மூலம் வருகிற பங்கில் மட்டும் 15 சதவீதம் போகும். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். படிவம் பத்து நிமிட வேலை.

பலரும் விட்டுவிடுவது இன்னொரு பை. விநியோகஸ்தர் அனுப்புவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டியை மும்பையிலுள்ள ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம் வசூலிக்கிறது. பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் பங்கு சதவீதத்தோடு பதிய வேண்டும். சேர்ந்துவிட்டுப் பாட்டைப் பதியாமல் இருந்தால் யார் கணக்கில் போடுவார்கள்? பாடகராக வரவேண்டியதற்கு அமைப்பு வேறு, இசாம்ரா.

கடைசியாக மேடை. எங்கள் பக்கம் வேல, பூரம் என்கிற கோயில் திருவிழாக்கள் எல்லாம் மகரம் கும்பத்தில் (தை, மாசியில்) சூடுபிடிக்கும். சித்தூர்க் கொங்கன்படைத் திருவிழாவும் கும்பத்தில்தான். அங்கே நடக்கும் கானமேளாக்களில் (மேடைப் பாட்டுக் கச்சேரிகளில்) உங்கள் பாட்டு ஒலிக்க வேண்டுமானால் மார்கழிக்குள் குழுக்களுக்கு மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத இசை) போய்ச் சேர வேண்டும். ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என இரண்டாக, புராஜெக்ட் கோப்பிலிருந்தே சுருதி மாற்றி எடுங்கள். மிக்ஸ் ஆனதை அப்படியே சுருதி ஏற்றினால் தவில் டப்பாச் சத்தம் போடும். பென்டிரைவில் வேவும் எம்பி த்ரீயும் இரண்டும் போடுங்கள். கோப்பின் பெயரில் பாட்டுப் பெயர், சுருதி, எழுதியவர் பெயர் மூன்றும் இருக்கட்டும். மைக் பிடிக்கிற அறிவிப்பாளர் லேப்டாப் திரையில் தெரிவதைத்தான் வாசிப்பார். அங்கே 'ஃபைனல் மிக்ஸ் ரெண்டு நியூ' என்று இருந்தால் பாட்டின் பெயர் அன்றைக்கு அதுதான்.