எங்கே என்ற கேள்வி

நாளிதழிலிருந்து வெட்டிய ஒரு செய்தித் துண்டு என் ஃபைலில் இருக்கிறது. 2022 மே மாதம் வந்தது. ஒற்றைப் பத்தி, பதினெட்டு வரி. எழுதியவர் பெயர் அதில் இல்லை. எழுதியது நான்.

அப்போது மூன்றாம் ஆண்டு முடியும் நேரம். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி. பி.ஏ. பக்கத்துக்கு இதழியலை முதன்மைப் பாடமாக எடுத்திருந்தேன். முதல் மூன்று வருஷம் இரண்டும் சேர்ந்து ஓடும், கடைசி இரண்டு வருஷம் சட்டம் மட்டும். அரூர் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிற வீடு எங்களுடையது. 2019-இல் நான் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் ஆயா ஒரே கேள்வியைத்தான் கேட்கும். "வக்கீலுக்கா, பேப்பருக்கா, எதுக்குக் கண்ணு படிக்கிற?" ரெண்டுக்கும்தான் ஆயா என்பேன். "ஒரே ஏர்ல பூட்டணும்னா ரெண்டு மாடும் ஒரே உசரம் இருக்கணும்டி" என்று ஒரு முறை சொன்னது. அதை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனாவில் இரண்டாம் ஆண்டு முழுக்க மொட்டை மாடியில் போனில்தான் பாடம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இரண்டு படிப்பும் எழுதச் சொல்லிக்கொடுத்தன, எதிரெதிராக. செய்தியில் முக்கியமானது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இதில் ஒன்று விட்டாலும் மதிப்பெண் குறையும். மனுவில் நடந்ததைப் பத்தி பத்தியாக எண் போட்டு அடுக்கி, வேண்டியதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். என் மனுக்களில் அவசரம் தெரிகிறது என்று சட்ட ஆசிரியர் சொல்வார். செய்தியில் ஆமை வேகம் என்று இதழியல் ஆசிரியர் சொல்வார். இரண்டு பேரும் ஒரு நாள்கூட ஒரே வகுப்பில் நின்றதில்லை. இந்தப் படிப்பில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் அதுதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரே ஒரு தீர்ப்பு போதும் என்று இப்போது நினைக்கிறேன். 1994-இல் வந்த ராஜகோபால் வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தபோது, அதை அச்சிடும் முன்பே அதிகாரிகள் தடுக்க முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. முடியாது என்றது நீதிமன்றம். பொது ஆவணத்தில் இருப்பதை ஒருவரின் சம்மதம் இல்லாமலே எழுதலாம் என்றும் சொன்னது. முதல் வருஷம் அதைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை, ஆவணத்திலேயே இருந்தாலும், வெளியிடக் கூடாது. அந்த வரிகளை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

மே மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு நாளிதழின் நிருபரிடம் பயிற்சிக்குப் போனேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத பிரச்சினை. அந்த வாரம் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு நடக்கவிருந்த கல்யாணத்தை அதிகாரிகள் நிறுத்தினார்கள். செய்தியை என்னை எழுதச் சொன்னார் நிருபர் அண்ணன். பெயரைப் போடவில்லை. அது தெரியும். ஆனால் ஊர், பள்ளிக்கூடம், எத்தனையாவது வகுப்பு, அப்பா என்ன வேலை, எல்லாம் போட்டேன். நூறு வீடு இருக்கிற ஊர். அடுத்த நாள் அப்படியே வந்தது. பயிற்சி அறிக்கையில் ஒட்டிக் கொடுத்தேன். விவரம் முழுமையாக இருப்பதாகக் குறிப்பெழுதி நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

நான்காம் ஆண்டில்தான் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் படித்தேன். பிரிவு 74. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாண வயது வராமலே கல்யாணத்தின் விளிம்பில் நிற்கிற குழந்தையும் ‘பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை’தான் என்று அதே சட்டம் சொல்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதே கை சில்லிட்டுப் போனது. தண்டனையை நினைத்து அல்ல. அந்தப் பிள்ளை மறுபடி அந்தப் பள்ளிக்குப் போயிருப்பாளா என்றுதான் நினைத்தேன். போய் விசாரிக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஐந்தாம் ஆண்டில், 2023 செப்டம்பர் 29 அன்று, வாச்சாத்தி மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் அரூர் பக்கத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதை எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன் நீதிபதி வேல்முருகன் நேரில் அந்த ஊருக்கே வந்து பார்த்தார்.

அங்கே ஊர்ப் பெயர்தான் வழக்கின் பெயர். முப்பத்தொரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் வழக்கு நின்றது. ஊரைச் சொல்லாமல் விட்டிருந்தால் அன்று பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களின் வழக்கே காணாமல் போயிருக்கும். என் பதினெட்டு வரியில் ஊரைச் சொன்னதுதான் தப்பு. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேச ஒரு வகுப்பு இருந்திருந்தால், அதற்காகவே இன்னொரு வருஷம் படித்திருப்பேன்.

2024-இல் முடித்தேன். மனப்பாடமாக இருந்த அவதூறுப் பிரிவு 499 அந்த ஜூலை முதல் நாளோடு போய், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 வந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. வக்கீலாக இருந்துகொண்டே பத்திரிகைக்கு எழுதலாம், முழுநேர வேலையாக இல்லாதவரை, என்பது 51-ஆம் விதி. இதைச் சேரும் நாளிலேயே எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வேலையும் கைக்குள் வரும் என்று நம்பித்தான் அப்பா கடன் வாங்கினார். நான் கறுப்பு கோட்டைத் தேர்ந்தெடுத்தேன். தர்மபுரியில் ஒரு சீனியரிடம் இருக்கிறேன். ராத்திரியில் எழுதுகிறேன்.

போன மாதம் கிருஷ்ணகிரி அண்ணன் போன் செய்தார். போக்சோ வழக்கு ஒன்று.

"ஊர் மட்டும் சரியாச் சொல்லும்மா."

"ஊர் வேண்டாண்ணா. மாவட்டம்னு மட்டும் போடுங்க. பள்ளிக்கூடமும் வேண்டாம்."

"ஊரே இல்லாம எப்படிம்மா செய்தி?"

அரை மணி நேரம் பேசினோம். என் பழைய பதினெட்டு வரியைப் பற்றியும் சொன்னேன். அடுத்த நாள் பேப்பரில் ஊர் இல்லை, பள்ளி இல்லை. அப்பாவின் தொழிலும் அவர் கடை இருக்கும் தெருவும் இருந்தன. மறுபடி போன் செய்தேன்.